இசக்கிதுரை அமுக்கிய பொத்தான்

இசக்கிதுரையின் கைராசியைப் பற்றி யாராவது பேசினால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. மண்ணூரில் ஒரே அறையில் மூன்று வருடம் அவனோடு குப்பை கொட்டியவன் நான்.

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இருவரும் கான்ட்ராக்ட். போன ஆயுத பூஜைக் குலுக்கலில் தன் கையாலேயே சீட்டு எடுத்து ஒரு குக்கர் ஜெயித்தான். பிடித்தது சனி. அன்றிலிருந்து அது கை இல்லை, சாமி.

தை மாதம் பக்கத்துக் கம்பெனியில் அவனுக்கு நிரந்தர வேலைக்கு ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வேலை நிலைத்தால்தான் சாத்தான்குளத்தில் தாய் வீட்டில் கிடக்கும் மனைவி சுகப்பிரியாவையும் ஆறு மாதக் குழந்தையையும் அழைத்துவர முடியும். ஆனால் அதே திங்கள் எங்கள் கம்பெனியில் அறுபது பேரில் நாலு பேரைக் குலுக்கிப் போட்டு நிரந்தரமாக்குகிறார்களாம். இங்கே சம்பளம் கொஞ்சம் கூட.

"இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதப் புடிக்காதலே. புள்ள மொகத்த நெனச்சுப் பாரு" என்றேன்.

"எங்கை எடுத்தா எனக்குத்தாம்ல விழும்."

அந்த ஆர்டரையே அறுபது துண்டாகக் கிழித்துப் பேர் எழுதி, குளிக்கிற வாளியில் போட்டு எடுத்துப் பழகினான். முப்பது தடவையில் ஒரு தடவை அவன் பேர் வந்தது. "பாத்தியாலே!" என்று குதித்தான். மற்ற இருபத்தொன்பதும் கை சூடேறுவதற்காம். தூ!

திங்களன்று கேன்டீனுக்கு சூப்பர்வைசர் குமாரவேல் லேப்டாப்போடு வந்தார். "சீட்டெல்லாம் இன்னாத்துக்குபா? கம்ப்யூட்டரே எடுத்துக்கும்."

இசக்கிதுரை அவர் காலில் விழாத குறை. "சார், பட்டனையாவது நான் அமுக்குதேன் சார்."

"அமுக்கிட்டுப் போயேன், யார் அமுக்குனா இன்னா?"

விரலை முத்தமிட்டு, கண்ணை மூடி, ஏழு வரை எண்ணி அமுக்கினான். நாலு பேர் வந்தது. மூன்றாவது நம்பிராஜன், அதாவது நான். அவன் இல்லை.

அழுவான், அணைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போனேன். "நம்பிராஜனுக்கு வாங்கிக் குடுத்தது எங்கைதாம்ல! ஒரு செகண்டு முந்தி அமுக்கியிருந்தா எனக்கு!" என்று கேன்டீன் முழுக்கக் கத்தினான். மறுநாளே டிப்ளமா படித்த மூன்று பேர் தங்கள் வேலை விண்ணப்பத்தைத் தொட்டுத் தரச் சொல்லி அறைக்கு வந்தார்கள். இவனும் தொட்டுக் கொடுத்தான். சீ, என்ன ஜென்மங்கள்!

ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா எனக்கு போன் செய்தாள். பின்னால் குழந்தை அழுதது.

"அண்ணே, அவிய கையாலதான் ஒங்களுக்குக் கெடச்சுதாமே. அடுத்த வருசக் குலுக்கல்ல அவியளுக்கும் கெடச்சிரும்லா? அப்பதான் எங்களக் கூப்பிடுவாவளாம்."

கிழித்த ஆர்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. சொல்லிவிட வாயைத் திறந்தேன்.

"கண்டிப்பா கெடைக்கும்மா" என்றேன்.