நான் பொலிஸாக நடித்த ஞாயிறு

என் அப்பா காற்சட்டை இல்லாமல் வெளியே போனாலும் போவார், அடையாள அட்டை இல்லாமல் போகமாட்டார். யாழ்ப்பாணத்தில் அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில் சந்திக்குச் சந்தி இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. கேட்குமுன்னே அட்டையை எடுத்து நீட்டுகிறவன் வீடு திரும்புவான், பையைத் தடவிக்கொண்டு நிற்கிறவன் திரும்பமாட்டான் என்பது அங்கே அவர் படித்த பாடம். கிழக்கு லண்டனில் வீடு வாங்கி, இந்த நாட்டுப் பிரஜை ஆன பிறகும் பாஸ்போர்ட்டின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இங்கே அதை ஒருவரும் கேட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறைகூட இருந்திருக்கலாம்.

அடுத்த வீட்டில் ஒரு கறுப்பின அன்ரி இருந்தார். ஜமேக்காவிலிருந்து வந்தவர்களின் மகள், ஆஸ்பத்திரியில் தாதி. அவருடைய மகனுக்குப் பதினெட்டு வயது. என்னைவிட மூத்த பெடியன் எவனும் எனக்கு அண்ணைதான் என்பதால் அவரும் அண்ணை ஆனார். அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டார். அம்மாவின் இடியப்பத்துக்காகவே உறவு கொண்டாடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

அந்தக் கோடையில் பொலிஸ் அவரை மூன்று தடவை தெருவில் மறித்துச் சோதித்தது. ஒரு தடவையும் ஒன்றும் அகப்படவில்லை. அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொதித்தார். இந்தப் பக்கம் நின்று கேட்ட அப்பா காரணத்தைத் தானே கண்டுபிடித்துவிட்டார்.

“பெடியனிட்ட அட்டை இல்லை. அதுதான் பிரச்சினை,” என்று அம்மாவிடம் சொன்னார்.

“இந்த நாட்டில ஆர் அட்டை கேக்கினம்? நீங்கள் சும்மா இருங்கோ.”

அப்பா சும்மா இருக்கிற ஆள் இல்லை. அண்ணையின் கல்லூரி அட்டையை நகலெடுத்து, உறை போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு முன்னறையில் ஒத்திகை வைத்தார். ஒன்பது வயதான என்னைப் பொலிஸாக நியமித்தார். நான் அவருடைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு “நில்!” என்று கத்த வேண்டும். அண்ணை உடனே ஜாக்கெட்டின் உட்பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். அவர் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவின் மனம் நோகக்கூடாது என்று செய்தார்.

“இன்னும் கெதியா!” என்று நான் அதிகாரம் பண்ணினேன். கடைசியில் கை போவதும் வருவதும் தெரியாத வேகம் வந்துவிட்டது. அப்பாவுக்குப் பரம திருப்தி.

இரண்டு கிழமை கழித்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், அண்ணையின் அருகே பொலிஸ் வாகனம் ஒன்று நின்றது. இறங்கியவர் வாய் திறக்குமுன் அண்ணையின் கை ஜாக்கெட்டுக்குள் போய்விட்டது. இரண்டு பேர் பாய்ந்து அவரை நடைபாதையில் குப்புற வீழ்த்தினார்கள். மணிக்கட்டு முறிந்தது. கையில் என்ன என்று விரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய படம்தான் இருந்தது.

அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கெதியாக எடுக்கச் சொல்லிக் கத்தியது நான். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம், கறுப்பின மக்களோடு நம்பிக்கையைத் திரும்ப வளர்க்கப் போவதாகச் சொல்லி, பொலிஸார் தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அன்ரி எங்கள் வாசலுக்கு வந்து, அந்த அட்டை எப்படி வந்தது என்று அங்கே சொல்ல முடியுமா என்று அப்பாவிடம் கேட்டார். பொலிஸ் நிலையத்தைக் கண்டால் தெருவின் மறுபக்கத்துக்கு மாறுகிறவர் அப்பா.

“வேண்டாம். நாளைக்கு எங்களுக்கு ஏதும் வந்தா?” என்றார் அம்மா.

“பெடியன்ர கையை முறிச்சது நான். போகாமல் இருக்க ஏலாது,” என்றார் அப்பா. அம்மாவுக்கு அன்று மாலை ஷிப்ட் இருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மண்டபத்தில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். ஒரு அதிகாரி மிகவும் தன்மையாகப் பேசினார். கை திடீரென்று அசைந்தால் தன் ஆட்கள் நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்றார். இளைஞர்கள் கைகளை வெளியே வைத்திருப்பது நல்லது, அதற்கு ஒரு துண்டுப்பிரசுரம் அடித்திருக்கிறோம் என்றார். அண்ணை தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்தார். சோதனைச் சாவடியிலிருந்து எங்கள் முன்னறை வரைக்கும் தன் அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அன்ரியின் பக்கமும் அண்ணையின் பக்கமும் திரும்பி, பிழையாகப் பழக்கியது தான்தான், மன்னிக்க வேண்டும் என்றார். அண்ணை எழுந்து வந்து நல்ல கையால் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அப்பாவுக்கு நன்றி சொல்லி, குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அன்ரி, “நீங்கள் மன்னிப்புக் கேட்பதற்காக நான் உங்களைக் கூப்பிடவில்லை,” என்றார். எனக்கோ பெரிய நிம்மதி. பிழை யாருடையது என்று தெரிந்துவிட்டது, என் பெயர் வெளியே வரவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அந்த மண்டபத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு சிலர் இருந்தார்கள், அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள் என்பதைக் கவனிக்கிற வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை.