மலைக்கு அந்தப் பக்கத்து வெயில்

ஈரமண் ஒட்டிய மல்லாட்டையின் வாசனை... வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. செடியிலிருந்து ஆய்ந்த மறுநாள் அதில் மண்ணும் பச்சையும் கலந்து ஒரு வாடை அடிக்கும். எங்கே அந்த வாடை வந்தாலும் எனக்கு ஒரு கதை ஞாபகத்துக்கு வரும். நான் தப்பாக எழுதிய கதை.

எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் பி.ஏ. கடைசி வருஷம். ஒரு வாரப் பத்திரிகை, கல்லூரி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்திருந்தது. அதற்கு முன் நான் அனுப்பிய மூன்று கதைகளும், நானே ஸ்டாம்பு ஒட்டி வைத்த கவரில் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தன. இதுவும் வந்தால் நோட்டை மூடிவிட்டு, அப்பா சொல்கிறபடி டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கதை நடப்பது அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையில், டவுனுக்கு நேர் மறுபக்கம் இருக்கும் கிராமம். பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி தினமும் வாசலில் காத்திருக்கிறாள். கடைசி வரியை நானே பலமுறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

'சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.'

என்னோடு படித்த காவேரிக்கு அடி அண்ணாமலைதான் சொந்த ஊர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் நோட்டு. படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்.

"கதை நல்லாத்தான் இருக்குது. ஆனா எங்க ஊர்ல இந்தப் பொம்பள கதவையே சாத்த மாட்டாளே."

"ஏன்டி?"

"உங்களுக்குத்தான் பொழுது மலைக்கு அந்தாண்ட எறங்குது. எங்களுக்கு அந்தாண்ட இருந்துதான் வருது."

நோட்டை வாங்கிக் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

பிறந்ததிலிருந்து டவுனில் இருக்கிறேன். எங்களுக்கு மலை மேற்கே. சாயங்காலமானால் வெயில் அதன் பின்னால்தான் போகும். அது உலகத்துக்கே பொது என்று நினைத்திருக்கிறேன். அடி அண்ணாமலை வழியாகப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது நடந்திருப்பேன். ஆனால் எல்லாமே பௌர்ணமி ராத்திரி நடை. அந்த நேரத்தில் சூரியன் ஏது?

கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஒரு வரியை அடித்தால் முழுக் கதையும் சரிந்துவிடும். சனிக்கிழமை காவேரி வீட்டில் தங்கிவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அங்க போயி எந்த மலையப் பாக்கப் போற? அதே மலைதான். இந்த ஜன்னல்லயே தெரியுது, பாத்து எழுது."

அம்மாதான் இடையில் வந்தாள். "போயிட்டு வரட்டும் வுடுங்க. அதே மலைதானே, காணாமயா பூடுவா?"

சாயங்காலம் அங்கே போய் இறங்கியபோது டவுனில் விளக்கு வைக்கிற நேரம். அங்கே வெயில் இன்னும் வயல் முழுக்கக் கிடந்தது. மலை மொத்தமும் செம்மண் நிறத்தில் எங்களைப் பார்த்து நின்றது. அதன் முகத்தில் வெயிலடித்து நான் பார்த்த முதல் சாயங்காலம் அதுதான்.

மறுநாள் காலை அதைவிடப் புதிது. நன்றாக விடிந்துவிட்டது, ஆனால் வெயில் இல்லை. ஊர் முழுக்க மலையின் நிழல். ஐப்பசி மழையில் நனைந்த மல்லாட்டை களத்துமேட்டில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. காவேரியின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலைக்கு எதிர்ப்பக்கம், தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குறீங்க?" என்றேன்.

"மேக்கத்திக் கொல்லைக்கு வெயில் வந்துட்டுது பாரு. இனிமே ஒவ்வொரு கொல்லையா தாண்டி இங்க வரும். டவுன்ல உங்களுக்குச் சீக்கிரம் விடிஞ்சிடும். எங்களுக்கு மலை வழி வுட்டாத்தான்."

அப்படித்தான் வந்தது. வெயில் தூரத்திலிருந்து மலையை நோக்கி, வரப்பு வரப்பாக, எங்களிடம் நடந்து வந்தது. கால் விரலில் பட்டதும் அவர் சாக்கை உருவினார்.

"எழுதறேன்னு வந்துட்டு கையக் கட்டிக்கினு நிக்கிறியே. இந்தா, கூடையப் புடி."

அன்று டவுனுக்குத் திரும்பிக் கதையின் பாதியை மாற்றினேன். என் கதைக்காரி சாயங்காலம் கதவைச் சாத்தவில்லை. விடிகாலை நிழலில் நின்று, வெயில் தன் வாசலுக்கு வருவதைப் பார்க்கிறாள். அது காலில் பட்டதும் காத்திருப்பதை விட்டுவிட்டு மல்லாட்டையைப் பரப்பப் போகிறாள்... அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை தபாலில் சேர்த்தேன்.

பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கவரும் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கதை அச்சில் வந்தது. மேலே பெரிதாக ஒரு படம்: ஒரு பெண், ஒரு வாசல், மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன்.

காவேரி தன் அம்மாவுக்கு முழுக் கதையையும் படித்துக் காட்டினாளாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தாராம்.

"கதை சரியாத்தான் இருக்குது. படம் போட்டவரு டவுன்காரரா?"

எனக்கு வந்த முதல் விமர்சனம் அது. டைப்ரைட்டிங் கிளாஸிலும் சேர்ந்தேன், அது வேறு. எழுதுவதை மட்டும் விடவில்லை.

இப்போது சென்னையில் இருக்கிறேன். எந்த ஊரைப் பற்றி எழுதுவதானாலும் ஒரு காலை, ஒரு மாலை அங்கே இருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "இங்க காலை வெயில் எந்தப் பக்கம் வரும்?" என்று முதலில் கேட்பேன். வீடு பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் காவேரியைப் பார்க்க அடி அண்ணாமலை போனேன். அவள் அம்மா இப்போது இல்லை. மல்லாட்டை காய்ந்த களத்துமேடு மனைக்கட்டாகி, வரிசையாகக் கல் நட்டிருக்கிறது. நாங்கள் நின்று பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார்.

"எல்லாமே ஈஸ்ட் ஃபேஸிங் மேடம். காலையில ஆறு மணிக்கெல்லாம் வெயில் வாசல்லயே வந்து வுழும்."

நான் காவேரியைப் பார்த்தேன். அவள் மலையைப் பார்த்தாள்.

"சார் டவுன்காரரா?" என்று கேட்டாள்.