அழுகின பழத்துக்குக் காவல், அடுக்கினவனுக்கு கேன்சல்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து அபுதாபிக்கு ஓவியம் பார்க்கப் போனேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு ஓவியம் எதற்கு என்று சிரிக்காதீர்கள். என் ரூம்காரன் துரைராசுவுக்காகப் போனேன். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருடம் பழம் அடுக்கியவன். அவன் அடுக்கிய மேசையில் புள்ளி விழுந்த பீச் பழம் ஒன்றை யாரோ போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்ப, விசா கேன்சல் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்குள் மேனேஜர் மனம் மாறினால் உண்டு. சுவரைப் பார்த்தே கிடந்தவனை, "வாடா, பொண்ணு பாக்கப் போவோம்" என்று கிளப்பினேன்.

காலை ஏழரைக்கு பஸ். ஆளுக்கு முப்பது திர்ஹாம், நூற்றறுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து டாக்சிக்கு இருபத்தைந்து. அருங்காட்சியக டிக்கெட் அறுபத்தைந்து. (அந்தக் காசுக்கு நாலு நாள் மீன் சாப்பாடு.)

நான் சொன்ன பொண்ணு ஐரோப்பாக்காரி. நானூறு வருடத்துப் படம், நம் தினசரிக் காலண்டர் அளவுதான். மடியில் கூடை, அதில் திராட்சையும் பீச்சும். முன்னால் இருக்கிற பீச்சில் பழுப்புப் புள்ளி, அதன்மேல் ஓர் ஈ. துரைராசு அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கை தானாக நீண்டுவிட்டது. கெட்ட பக்கத்தை உள்ளே திருப்பி வைப்பது பழம் அடுக்குகிறவர்கள் பழக்கம். அலாரம் கத்தியது. நேபாளக் காவலாளி ஓடி வந்தார். "பாய், ஹாத் மாஃபி." கை வைக்கக் கூடாதாம். இவன் பழத்துக்கு டாக்டர் என்று நான் நடுவில் புகுந்தேன். சிரித்துவிட்டார். எல்லாம் ஒருநாள் கெட்டுப்போகும் என்று காட்டத்தான் அந்த அழுகலை வேண்டுமென்றே வரைந்தார்கள் என்று, கைடு சொல்லக் கேட்டதை இந்தியில் சொன்னார்.

துரைராசு குனிந்து அந்தப் புள்ளியை மறுபடி பார்த்தான். பிறகு, "நானூறு வருசமா அழுகுன பழத்த வெச்சிக்கிட்டு உக்காந்துருக்கா. இவள யாரும் கேன்சல் பண்ணலயேண்ணே" என்றான்.

இங்கே அழுகலுக்கு ஏசி, தனி விளக்கு, காவல். அங்கே வெயிலில் வெந்து லாரியில் வந்த பழத்தில் ஒரு புள்ளி என்றால், ஆளையே பிளேன் ஏற்றுகிறார்கள்.

போகிறவர்கள் அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் கூட்டம் குறைவு. படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நில்லுங்கள், பழக்கடைக்காரர்கள் இரண்டு முழம்.

திங்கட்கிழமை துரைராசு அந்தப் படத்தை போனில் மேனேஜரிடம் காட்டினான். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அடுக்கு பிரமாதம், போவதற்கு முன் முன்மேசையை இதே மாதிரி அடுக்கிக் கொடு என்றாராம். கேன்சல் கேன்சல்தான்.

"நீ என்னடா பண்ணுன?"

"அடுக்கிக் குடுத்துட்டேண்ணே. நல்லா வந்துருக்கு."

மேனேஜரை விட அவன்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது.