இரண்டு சீசா மண்ணெண்ணெய்

யுத்தம் தொடங்கி, சைகோனிலிருந்து கடிதம் வருவது நின்றுபோயிருந்த காலம். வில்லியனூரில் நானும் என் பன்னிரண்டு வயது மகளும் மட்டும் இருந்தோம். என் கணவர் சைகோனில் உத்தியோகம் பார்த்தார். உயிரோடு இருக்கிறார் என்பதே எங்கள் ஊகம்தான். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் தெருவில் யாருக்கு மனு எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மண்ணெண்ணெய் அப்போது ரேஷன் சீட்டுக்குத்தான். கடையில் பீப்பாய் திறக்கும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வரிசையில் நின்றால் வயல்வேலை கெடும். அதனால் எங்கள் தெருவில் ஐந்து வீட்டுச் சீட்டையும் நானே வாங்கிக்கொண்டு போய், ஒரே டின்னில் பிடித்து வந்து, ஆழாக்கால் அளந்து கொடுத்துவிடுவேன். அந்த மாதம் பழைய டின் ஓட்டையாகிவிட்டது. தெருக்கோடியில் குடியிருந்த பஸ் டிரைவர் தம்மிடமிருந்த ஒரு டின்னைக் கொடுத்தார். எண்ணெய் வந்தது, பங்கு பிரித்தோம், அவரவர் வீட்டுக்குப் போயிற்று.

நாலாம் நாள் அந்தி. மகள் மேசை விளக்கை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். 'பக்'கென்று ஒரு சத்தம், அப்புறம் அவள் குரல். ஓடிப் பார்த்தால் விளக்கின் கண்ணாடி சிதறி, மேசை முழுக்க நெருப்பு. அவள் கையை உதறிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள். சாக்கை எடுத்து அவள் மேல் போட்டு அமுக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் மணலை வாரி வந்து மேசை மேல் கொட்டினாள். வலது கை மணிக்கட்டு வரை வெந்திருந்தது. முன்மயிர் கருகி, ஒரு பக்கப் புருவமே இல்லை. கண் தப்பியது. எப்படித் தப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் நேரே கடைக்குப் போனேன். சந்தைக்குப் போகிற கூட்டம் முழுக்க நின்றிருந்தது. எண்ணெயில் எதையோ கலந்து விற்றுப் பிள்ளைகளைக் கொளுத்துகிறீரே, நீர் மனுஷனா என்று கேட்டேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்லயும் அதே பீப்பா எண்ணெதாம்மா எரியுது" என்றார். குற்றமுள்ளவன்தான் இப்படி அடக்கமாகப் பேசுவான் என்று நான் முடிவு கட்டினேன். அன்று முதல் அவர் கடைப்பக்கம் போவதைப் பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. அதே எண்ணெய் இன்னும் நாலு வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் தூளியில் மூன்று மாதக் குழந்தை; தூளிக்குக் கீழேயே சிமினி விளக்கை வைப்பாள் அதன் தாய். எண்ணெயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன்.

"இன்னா டீச்சரம்மா, நீதான அளந்து குடுத்த? இப்ப நீயே வந்து கேட்டா, மாசம் பூரா இருட்டுல ஒக்காரவா?" என்றாள் அந்தக் குழந்தையின் தாய், முந்தைய நாள் மணல் கொட்டி என் மகளைக் காப்பாற்றிய அதே பெண். "எங்க வூட்ல முன்னவிட வெளிச்சமாத்தான் எரியுது."

வெளிச்சமாக எரிகிறதாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. காகிதத்தில் முத்திரையோடு எழுதிக் காட்டினால் நம்புவார்கள் என்று தோன்றியது. நகரத்தில் எண்ணெய், சாராயம், மருந்தெல்லாம் சோதித்துப் பார்க்கும் கூடம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, டின்னில் மிச்சமிருந்த எண்ணெயில் கொஞ்சத்தை இருமல் மருந்துச் சீசாவில் ஊற்றி, காகிதத்தைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, மூலக்குளம் வழியாக மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே மேசையில் இருந்த குமாஸ்தா சீசாவைத் தொடக்கூட இல்லை. முக்கால் சீசா செல்லாதாம், கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டுமாம். காகித அடைப்பு செல்லாது. தக்கை போட்டு அரக்கு வைக்க வேண்டும். மனு முத்திரைக் காகிதத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர் மேரியிலிருந்து, அதாவது கொம்யூன் அலுவலகத்திலிருந்து, முத்திரை வாங்கி வர வேண்டும். அதோடு விற்றவர் பீப்பாயிலிருந்து அவர் கையாலேயே பிடித்த இன்னொரு சீசாவும் வேண்டும். என் மகள் கை வெந்து கிடக்கிறாள் என்றேன். ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருக்கிறது, மதாம் என்றார்.

திரும்பி வந்தேன். மேரியில் முத்திரை போடுபவர் பாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முத்திரை மேசையிலேயே இருக்கிறது, போட ஆளில்லை. இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் பொழுது சாய்ந்தால் நான் தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பேன், எந்த வீட்டிலிருந்து அந்தச் சத்தம் கேட்கப்போகிறதோ என்று. பக்கத்து வீட்டுக்காரி என் தொல்லை பொறுக்காமல் விளக்கைத் தூளியிலிருந்து இரண்டு முழம் நகர்த்தி வைத்தாள். அதையும் எனக்காகச் செய்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே.

முத்திரை கிடைத்ததும், என் சீசாவையும் கழுத்துவரை நிரப்பித் தக்கை போட்டு அரக்கு வைத்துக்கொண்டு, கடைக்குப் போனேன். கடைக்காரர் மறுப்பார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு சீசாவை நன்றாகத் துடைத்து, பீப்பாயிலிருந்து கழுத்துவரை பிடித்து, தானே அரக்கை உருக்கி வைத்தார்.

"நல்லா பாக்கச் சொல்லுங்கம்மா. எனக்கும் தெரியணும்ல" என்றார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

இந்த முறை உள்ளே விட்டார்கள். சோதனை செய்தவர் ஒல்லியான, வயதான தமிழர். அவசரமே தெரியாத மனிதர். முதலில் இரண்டு எண்ணெயையும் இரண்டு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்து நிறம் பார்த்தார். ஒரே நிறம். முகர்ந்து பார்த்தார். ஒரே வாசனை என்று எழுதிக்கொண்டார். பிறகு அடியில் கனம் வைத்த ஒரு கண்ணாடி மிதவையை ஒவ்வொன்றிலும் விட்டார். எண்ணெய் எவ்வளவு லேசோ அவ்வளவு ஆழம் அது முங்குமாம். என் எண்ணெயில் மயிரிழை அதிகம் முங்கியது. "இதைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, மதாம்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இத்தனை அலைச்சலும் இதற்குத்தானா?

"இனிமேல்தான் சோதனை" என்றார் அவர்.

சின்னப் பித்தளைக் கிண்ணம் ஒன்றில் கடைக்காரரின் எண்ணெயைக் கோடுவரை ஊற்றி, உஷ்ணமானியைத் தொங்கவிட்டு, வெந்நீரில் வைத்து மெள்ளச் சூடு ஏற்றினார். உஷ்ணமானி ஒவ்வொரு கோடாக ஏறும்போதும் அவரைவிதை அளவு சுடரைக் கிண்ணத்து வாயில் காட்டி எடுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி ஒன்றுமில்லை. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலும் எட்டாத சூட்டுக்குப் போன பிறகுதான் எண்ணெய்க்கு மேலே நீலமாக ஏதோ கண் சிமிட்டியது. எண்ணெயிலிருந்து எழுகிற ஆவி தீப்பிடிக்கிற சூடு அது என்றார். நல்ல எண்ணெய்.

கிண்ணத்தைத் துடைத்து ஆறவைத்து என் எண்ணெயை ஊற்றினார். சூடு ஏற்றவே இல்லை. சுடரைக் கொண்டு வந்ததும், கிண்ணத்தைத் தொடுமுன்பே நீலம் தாவியது.

அவர் சுடரை அணைத்துவிட்டு, "பெட்ரோல்போல ஏதோ கலந்திருக்கிறது. கொஞ்சம் போதும். விளக்கு எரிய எரிய அதன் எண்ணெய்க் கிண்ணம் காலியாகும், சூடாகும், உள்ளே ஆவி நிறையும். இந்த எண்ணெய் எதில் இருந்தது, மதாம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வரும்வரை டின் எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்திருந்தது. முதல் நாளே வந்திருந்தது. டின்னைக் கொடுக்கும்போது டிரைவர் சொன்னார்: "எஞ்சின் சாமான் கழுவுன பெட்ரோலு இது. அடியில கொஞ்சம் கெடக்குது. கொட்டிட்டு, ஒரு நாள் வெயில்ல கவுத்து வெச்சுட்டுப் பொழங்குங்க." மூன்று ஆழாக்கு இருக்கும். அழுக்கெல்லாம் அடியில் தங்கி மேலே தெளிவாகத்தான் இருந்தது. எண்ணெய்க்கு நாய்படாத பாடு படுகிற நாளில் மூன்று ஆழாக்கை மண்ணில் கொட்டுவதா? மகளே கேட்டாள், அம்மா, கொட்டச் சொன்னாரே என்று. "இரண்டும் பூமிக்குள்ளிருந்து வருவதுதான். அக்கா தங்கச்சி. எனக்குத் தெரியும், நீ போய்ப் படி" என்றேன். அழுக்கை மட்டும் வடிகட்டி, அந்தத் தெளிவைத் திரும்ப டின்னில் ஊற்றியதும் நான்தான். விபத்துக்குப் பிறகு நினைவு வந்தபோதெல்லாம், முழு டின்னில் மூன்று ஆழாக்கு என்ன செய்துவிடும் என்று ஒதுக்கித் தள்ளினேன். கடைக்காரர் கலந்தார் என்பது எனக்கு வசதியாக இருந்தது.

முத்திரை போட்ட காகிதத்தோடு பிற்பகலில் ஊர் வந்தேன். கடைக்காரரைக் கையோடு எங்கள் தெருவுக்கு அழைத்துப் போனேன். நாலு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பிரெஞ்சுக் காகிதத்தை யாரும் சட்டை செய்யவில்லை. நடுத்தெருவில் இரண்டு கொட்டாங்கச்சியைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்றில் கடை எண்ணெயையும் ஒன்றில் டின் எண்ணெயையும் ஊற்றினேன். நீளமான தென்னை ஈர்க்கைக் கொளுத்திக் கடை எண்ணெய்க்கு மேலே காட்டினேன். சும்மா கிடந்தது. டின் எண்ணெய்ப் பக்கம் கொண்டுபோனேன். ஈர்க்கு எட்டுமுன்பே தீ எழும்பி ஈர்க்கைப் பிடித்தது.

தூளிக் குழந்தையின் தாய் வீட்டுக்குள் போய் விளக்கையும் எண்ணெய்ச் சீசாவையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைக்காரரு எண்ணெ நல்லாக்குது. அப்ப இதுல யாரு ஊத்துனது?"

"நான்தான்" என்றேன். டின் கதையை முழுவதும் சொன்னேன்.

"படிச்சவங்கன்னு தான சீட்டக் குடுத்தோம்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் ஏசியதற்கு நாலு வீட்டுக்கு முன்னால் கேட்கிற மன்னிப்பு எந்த மூலைக்கு? வேண்டாமென்று கையை அசைத்துவிட்டு, "கொழந்த கை எப்பிடிக்குது?" என்றார். தேறி வருகிறது என்றேன். போகும்போது அந்த டின்னை எடுத்துப் பார்த்து, இது வேண்டாம், குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சந்தை நாளில் அவர் கடை வாசலில் நின்று, நான் ஏசிய அதே குரலில் நடந்ததைச் சொன்னேன். சிலர் திரும்ப அவரிடம் வாங்கினார்கள். சிலர் வரவேயில்லை. அது என்னால்தான்.

அந்த மாதம் முழுக்க ஐந்து வீடும் புங்க எண்ணெய் அகலில்தான் புழங்கின. அடுத்து வந்த மாதங்களில் என் பங்கு மண்ணெண்ணெயை நாலு வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தேன். சீட்டை மட்டும் யாரும் மறுபடி என்னிடம் ஒப்படைக்கவில்லை.

மகளின் கை ஆறிவிட்டது. விரல்கள் மடங்குகின்றன, எழுதுகிறாள். புருவம் மட்டும் நடுவில் ஓர் இடத்தில் முளைக்கவேயில்லை. பாடத்தில் ஏதாவது சந்தேகம் கேட்கும்போது அந்தப் புருவத்தைத்தான் உயர்த்துவாள். 'எனக்குத் தெரியும்' என்று சொல்ல எழுந்த நாக்கு அந்த இடைவெளியைப் பார்த்ததும் ஒவ்வொரு முறையும் பின்வாங்கிவிடுகிறது.