தனபால் அண்ணனுக்கு அரைக்கட்டை கம்மி

பக்கவாத்தியக்காரன் வாசிச்சதை யாருமே கவனிக்கலைன்னா, அவன் நல்லா வாசிச்சான்னு அர்த்தம். மேடையில பின்வரிசையில நின்னு காலம் தள்ளின எல்லாருக்கும் இது தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்புல பத்து வருஷம் நான் கீபோர்டு வாசிச்சேன். மனசெல்லாம் ஜாஸ் பியானோ. கைக்கு வந்ததெல்லாம் காதுகுத்து, கல்யாணம், ரிட்டயர்மென்ட் பார்ட்டி. பிரியாணி செய்யக் கத்துக்கிட்டு வாழ்நாள் பூரா தயிர்சாதம் கிளறினவங்க யாராவது இருந்தா, என் வருத்தம் புரியும்.

தொடங்கிக்கினே இருந்த பாட்டு

சர்ச்சுல ஆர்கன் வாசிச்சுப் பழகின கை. மிச்சத்தை பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, ஜாஸ்காரங்க வீடியோவைப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அவங்க ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. நாலு வரி மெட்டுன்னாலும் அதைப் பன்னெண்டு சுருதியிலயும் வாசிச்சுப் பழகணும். பாடுறவங்க எந்த உயரத்துல பாடினாலும் கை தடுமாறக் கூடாது. நானும் காலையில எட்டு மணிக்கெல்லாம் ஆரம்பிச்சுடுவேன்.

எங்க குவார்ட்டர்ஸ் மாடியில ஒரு ஃபிட்டர் இருந்தார். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து அப்பதான் கண்ணசருவார். ரெண்டு வாரம் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, ஒரே பாட்டைப் பன்னெண்டு தடவ தொடங்கிக்கினே இருக்கீங்களே, ஒரு தடவ முடிச்சுத் தொலைங்க, நான் தூங்கணும்ங்க."

அம்மன் பாட்டுல ஓட்டல்

பகல்ல வடலூர் ஸ்டுடியோ. ஸ்டுடியோன்னதும் பெருசா நினைச்சுடாதீங்க. பெயின்ட் கடைக்கு மாடியில ஒரு ரூம், சுவரெல்லாம் முட்டை அட்டை, ஃபேனை நிறுத்திட்டுத்தான் ரெகார்டிங். புல்லாங்குழல், வீணை, நாதஸ்வரம் எல்லாம் நானே, எல்லாம் கீபோர்டுலயே. சிடி அட்டையில அம்மன் படம் இருக்கும், பாடினவர் படம் இருக்கும், பெயின்ட் கடைக்காரர் படம்கூட இருக்கும். என் பேர் இருக்காது.

ஒருநாள் ஆசையை அடக்க முடியல. அம்மன் பாட்டு முடியுற இடத்துல, ஜாஸ்ல வர்ற மாதிரி அஞ்சு சுரத்தைச் சேர்த்து ஒரே ஒரு அமுக்கு அமுக்கிட்டேன். அப்பா, என்ன சுகம்! ரெகார்டிங் பண்றவர் ஹெட்போனைக் கழட்டி மேஜையில வச்சார்.

"சார், ஊர்வலம் நல்லாத்தான் போகுது, கடைசியில ஆத்தா திடீர்னு ஸ்டார் ஓட்டலுக்குள்ள நுழையுற மாதிரி இருக்கு, அந்த ஓட்டலை மட்டும் எடுத்துடுங்க."

ஷிப்டுக்கு ஒரு கட்டை

எங்க ட்ரூப்போட பாடகர் தனபால் அண்ணன். மைன்ஸ்ல கன்வேயர் ஆபரேட்டர், பர்மனென்ட். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்துல குரல் கணீர்னு உச்சிக்குப் போகும். நைட் ஷிப்ட் வாரத்துல சுருதி அரைக்கட்டை இறங்கிடும். இதை அவர்கிட்ட யார் சொல்றது? "என் கட்டை இறங்குற அன்னிக்கு மைக்கைக் கீழ வச்சுடுவேன்"னு ஊரைக் கூட்டிச் சபதம் போட்ட மனுஷன். செய்யவும் செய்வார். அவர் நிறுத்திட்டா ட்ரூப்பு போச்சு. அதுகூடப் பரவால்ல, பாட்டை விட்டுட்டா அந்த மனுஷனே பாதி போயிடுவார். அதுதான் எனக்குப் பயம்.

கீபோர்டுல ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினா விரல் அதே இடத்துல ஓடும், சத்தம் மட்டும் அரைக்கட்டை இறங்கும். நைட் ஷிப்ட் வாரத்துல, அவர் மைக்கைச் சரி பண்ற நேரமா பார்த்து ஒரு தடவை அமுக்குவேன். தானே புயலுக்கு மறு வருஷம் எல்லா ஷிப்டுக்கும் அமுக்க வேண்டியதாச்சு. அப்புறம் ரெண்டு தடவை. அப்புறம் மூணு. அவர் பாட்டு முடிஞ்சு மார்தட்டும்போது நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்.

"கன்வேயருக்கு வருஷா வருஷம் ஓவர்ஹாலிங் உண்டு, தனபால் தொண்டைக்குக் கிடையாது, முப்பது வருஷமா அதே கட்டைங்க!"

மறந்துபோன பொத்தான்

கீபோர்டுக்காரங்க எல்லாரும் ஒரு தடவையாவது பண்ணின தப்பு இது. குறிஞ்சிப்பாடியில ஒரு கல்யாண ரிசப்ஷன். தனபால் அண்ணன் பாடி முடிச்சார், கைத்தட்டல். அடுத்து எங்க ட்ரூப்போட பாடகி சுமதி, வாரநாள்ல நர்சரி ஸ்கூல் டீச்சர். பொத்தானைப் பழையபடி ஏத்தாம ஆரம்பிச்சுத் தொலைச்சேன். பாவம், அந்தப் பொண்ணு குரல் கிணத்துக்குள்ள இறங்கிப் போச்சு. நாலாவது வார்த்தையில நிறுத்திட்டு, மைக்கை மூடாமலே என் பக்கம் திரும்பினா.

"அண்ணே, அதை ஏத்துங்க, இப்பப் பாடுறது சுமதி, தனபால் அண்ணன் இல்ல!"

அவர் மேடை ஓரத்துலதான் டீ குடிச்சுக்கினு நின்னார். டம்ளரையே பார்த்துக்கினு இருந்தார். காதுல விழலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பொத்தான் இல்லாத பெட்டி

தனபால் அண்ணன் ரிட்டயர் ஆன சாயங்காலம், ஒரு கிளப் ஹால்ல பாராட்டு. முன்வரிசையில அவர் மனைவி, ரெண்டு பொண்ணுங்க, பின்னாடி செக்‌ஷன் ஆளுங்க மொத்தமும். அவரோட பேர்போன பாட்டு ஒண்ணு, அதைப் பாடித்தான் விடைபெறணும்னு பிடிவாதம். ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கு, யாரோ ஒரு புண்ணியவான் கீபோர்டு மேல ரோஸ்மில்க்கைக் கவுத்தார். அவ்வளவுதான், பெட்டி செத்துப் போச்சு.

ஹால் மூலையில ஒரு பழைய பியானோ கிடந்தது. அது மேல ஷட்டில்காக் டப்பா அடுக்கி வச்சிருந்தாங்க. "பாடாம ரிட்டயர் ஆவறதா? அதைத் திறடா"ன்னார் அண்ணன். டப்பாவையெல்லாம் எடுத்துக் கீழ வச்சேன். பழைய உயரத்துல எடுத்தா மேல்வரியில குரல் உடையும், அதுவும் பெத்த பொண்ணுங்க முன்னாடி. பியானோவுல ஏது பொத்தான்?

ஆனா விரலுக்குத் தெரிஞ்சிருந்தது. மாடி ஃபிட்டரைத் தூங்கவிடாம அடிச்ச அந்தப் பன்னெண்டும் விரல்லயே இருந்தது. ஒன்றரைக் கட்டை கீழ எடுத்தேன். ரெண்டு கீ எழும்பவே இல்ல, தாண்டிப் போனேன். அண்ணன் மேல்வரிக்குப் போனார், நின்னார், ஹாலே விசிலடிச்சுது. நடுவுல என்னைப் பார்த்து, நீ வாசின்னு கையைக் காட்டினார். என் ஜாஸை அங்கதான் முதல் தடவையா நாலு பேர் முன்னாடி வாசிச்சேன். ஓட்டலை எடுக்கச் சொல்ல யாருமில்ல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பாட்டு முடிஞ்சதும் பியானோ பக்கம் வந்து, என் தோள்ல கையை வச்சுக் குனிஞ்சார்.

"இத்தினி வருஷமா பொத்தானை வச்சு எறக்குன, சரி, பொத்தானே இல்லாத பொட்டியிலயும் எனக்காக எறக்கிட்டியேடா தம்பி."

சபதத்தை மறந்துட்டு அடுத்த வாரப் பிராக்டீஸுக்கு முதல் ஆளா வந்து நின்னார்.

பத்து வருஷ வாசிப்புக்கு எனக்குக் கிடைச்ச ஒரே பாராட்டு அன்னிக்கு அவர் சொன்னதுதான். அதையும் அந்த மனுஷன் மைக்கை அணைச்சுட்டுத்தான் சொன்னார்.