அம்மா எட்டுப் போட்ட கதை

சாலைக் கடைத்தெருவில் இன்று காலை ஒரு ஸ்டிக்கர் கோலம் வாங்கினேன். பின்பக்கத் தாளை உரித்து வாசலில் ஒட்டிவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லையாம். "மேல சவிட்டினாலும் ஒண்ணும் ஆகாது சேச்சி" என்று கடைக்காரர் காலால் மிதித்தே காட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாவம், மனிதர் தன் கால் செருப்பில்தான் ஏதோ குறை என்று குனிந்து பார்த்துக்கொண்டார். நான் சிரித்தது என் அம்மாவை நினைத்து. கோலத்தை மிதிக்க மாட்டேன் என்று டிரைவிங் டெஸ்டில் தோற்றுப்போன பெண்மணி திருவனந்தபுரத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்துக்கு வந்தவள். மழை கொட்டினாலும் வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு கோலம் போட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பாள். அவள் விரல்களில் எப்போதும் கோலப்பொடியும் காப்பித்தூளும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அதே விரல்களால் அவசரமாக எனக்குத் தலை வாருவாள். பத்து வயதில் நரைத்த தலையோடு நான் பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு.

இருக்கட்டும், டெஸ்டுக்கு வருகிறேன். என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் எனக்கு வித்துராவுக்கு மாற்றல் வந்தது. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆபீஸுக்கு நேரத்தில் போய்ச் சேரலாம். கணவருக்கு வேலை கோயம்புத்தூரில்; நானும் மகளும் அம்மாவோடுதான் இருந்தோம். மகளின் பள்ளிக்கூடமோ பஸ்கள் நெரியும் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் ஜங்ஷனைத் தாண்டி. வேனில் ஏற்றினால் இரண்டாவது வளைவில் வாந்தி எடுப்பாள், ஆட்டோவில் முதல் வளைவிலேயே. நான் போட்டிருந்த நீண்ட விடுப்பு தீர இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் ராஜினாமா கடிதம் எழுதினேன். எழுதும்போது தேம்பித் தேம்பி அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் எனக்கென்ன மறைப்பு.

அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனா புள்ளைக்குக் காத்து வரும்லா. வாந்தி வராது" என்றாள்.

"ஸ்கூட்டர யாரும்மா ஓட்டுவா?"

"நாந்தான் மக்கா."

அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. அதுவரை அவள் ஓட்டியது தையல் மெஷின் மட்டும்.

காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொன்னதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டுத்தானே, எத்தனை சிக்குக்கோலம் போட்டவள்! மறுநாளே சந்தின் கடைசியில் கிடந்த காலி மனையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலப்பொடியால் பெரிதாக ஒரு எட்டுப் போட்டாள். சும்மா இருக்கவில்லை, மூலைக்கு ஒரு தாமரை வேறு. சந்தே திரண்டு வந்து வேடிக்கை பார்க்க, கோட்டை ஒட்டியே, கோட்டின் மேல் சக்கரம் படாமல் வட்டமடித்தாள். கால் தரையில் படும்போதெல்லாம் என் மகள் "ஆச்சீ, காலு!" என்று கத்துவாள். தாமரைகள் கடைசிவரை கசங்கவில்லை.

டெஸ்ட் மைதானத்தில் இரும்புக் கம்பிகளை நட்டு, நடுவே சுண்ணாம்பால் எட்டுப் போட்டிருந்தார்கள். அம்மா கம்பீரமாகக் கிளம்பினாள். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வண்டியைச் சட்டென்று ஒதுக்கினாள். டணார், டணார், டணார். மூன்று கம்பிகள் விழுந்தன.

"அம்மே, கோட்டு மேலயல்லே ஓட்டணும்! எதுக்கு விலகிப் போனீங்க?" என்று இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார்.

"கோலத்த எப்பிடி சார் சவிட்டுகது?"

அவர் தரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்க 'தோல்வி' என்று எழுதினார்.

அடுத்த டெஸ்ட், நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள். நான் கடிதத்தை மறுபடி வெளியே எடுத்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னாள். "அதுல புள்ளி இல்ல மக்கா. புள்ளி வைக்காட்டா அது கோலமே இல்ல, வெறும் கோடு." புள்ளி இல்லாத கோலம் அவளுக்கே நூறு தெரியும்.

இந்த முறை கோட்டின் மேலேயே ஓட்டினாள். கால் ஊன்றவில்லை. ஓட்டிய சந்தோஷத்தில் நிறுத்தாமல் இன்னொரு எட்டும் போட்டாள். மூன்றாவதைத் தொடங்கியபோது இன்ஸ்பெக்டர் "மதி அம்மே, மதி! போதும்!" என்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நானும் மாஸ்டரும் கம்பிகளுக்கு நடுவே குதித்தோம்.

ஆறு வருடம் அவள்தான் மகளைக் கொண்டுபோய் விட்டாள். ஒரு நாள்கூட வாந்தி இல்லை. வித்துரா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் என் அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அளந்துகொண்டு போவேன்.

போன வருடம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள், கூடியிருந்த சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னேன். இலை போட்டுக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள்.

"ஆச்சிக்கு நல்ல பேடியாக்கும் அம்மா, ஒரே பயம். பழவங்காடி வந்ததும் தினமும் எறங்கி வண்டிய உருட்டிட்டுத்தான் போவாங்க. நான் ராணி மாதிரி சீட்டுல இருப்பேன். 'புள்ளையாரே, புள்ளையாரே'ன்னு சொல்லிட்டே வருவாங்க. போலீஸ்காரர் எங்களுக்காக எல்லா பஸ்ஸையும் நிறுத்துவாரு."

வீடே சிரித்தது. பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு ஸ்கூட்டரை உருட்டும் அம்மாவை நினைத்து எனக்கும் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.

"ஏண்டி எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"ஆச்சி சத்தியம் வாங்கிட்டாங்க. 'ஒங்கம்மைக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுருவா'ன்னு."

விட்டிருப்பேன்தான். அம்மாவுக்கு என்னைத் தெரியும். ஸ்கூட்டரை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். காலி மனையில் நான்கு மாடி எழும்பிவிட்டது. ரொம்பப் பயமா இருந்துச்சாம்மா என்று கேட்க வேண்டும்போல இருக்கிறது. கேட்டிருந்தால், "போ மக்கா, பஸ்ஸு போயிரும்" என்று என்னைத் தெருவுக்குத் துரத்தியிருப்பாள்.