உளுந்து அடித்த சொகுசு கார்

என் காரை அப்பா தகர டப்பா என்றுதான் சொல்வார். என்னைத் தேடி வருகிறவர்களிடம்கூட, "பையன் டப்பாவ எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கான்" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். மூன்று பேர் ஓட்டிக் கழித்த பிறகு என் கைக்கு வந்த சின்ன கார் அது. நான்கு கதவுக்கும் சேர்த்துக் கண்ணாடி இறக்கும் பிடி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. வேர்க்கிறவர் அதைக் கேட்டு வாங்கித் தன் பக்கம் மாட்டிச் சுற்றிவிட்டு, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பிரேக்கை இரண்டு முறை மிதித்தால் மூன்றாவது மிதிக்கு நிற்கும். ஒருநாள் காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் வாங்கிய நெத்திலிப் பை பின்சீட்டில் கவிழ்ந்தது. எந்தச் சோப்புக்கும் அந்த வாசம் அசைந்து கொடுக்கவில்லை. இருந்தாலும் அந்த வண்டி என்னை ஒரு தடவைகூட நடுரோட்டில் விட்டதில்லை. அதற்காகவே அதன்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் அப்பா அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர். இளவயதில் சைகோன் வரை போய்வந்த சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத்தான் கிளம்புவார். அவரால் எங்கள் எல்லாருக்கும் நேஷனாலிதே, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, இருந்தது. நான் பாரீசில் ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தேன். மூக்கு ஒழுகியதுதான் மிச்சம். ஊருக்கு ஓடிவந்து ஃபேன், பல்பு விற்கும் கடை போட்டுவிட்டேன். அந்தக் கோபமே அவருக்கு ஆறவில்லை, அதற்குள் அக்கா அதைவிடப் பெரிய காரியம் செய்தாள்.

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் நேஷனாலிதே உள்ள பெண் என்றால் மாப்பிள்ளைகள் வரிசை கட்டுவார்கள். தாலி கட்டிய கையோடு பிரான்சுக்குக் காகிதம் போடலாமே! அக்காவுக்கு இன்ஜினியர் வந்தார், பல் டாக்டர் வந்தார், தஞ்சாவூரிலிருந்து சொந்தமாக ரைஸ்மில் வைத்திருந்த ஒருவரும் வந்தார். அக்கா எல்லாரையும் தட்டிவிட்டு, குரும்பகரத்தில் கோயில் திருவிழாவில் பார்த்த ஒரு விவசாயியைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். போகட்டும், அவராவது பிரான்சுக்குப் போவார் என்று அப்பா மனதைத் தேற்றிக்கொண்டார். கல்யாணம் பேச வந்த அன்றைக்கே அத்தான், "எனக்கெதுக்குங்க மாமா அந்தக் காயிதமெல்லாம்? வயலை யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டார். பிரான்சு தேசத்தையே கைநீட்டி அடித்துவிட்டாற்போல அப்பாவின் முகம் சிவந்துபோனது. கல்யாணப் பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து நேரே வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார். அக்கா வந்தால் பேசுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆனால் அவள் வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. அக்காவும் அத்தானும் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாக மாடி வீடு கட்டினார்கள். ஈஸ்டர் கழிந்த பிறகு வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியாரிடம் நாள் கேட்டுவிட்டு, அக்கா அழைக்க வந்தாள். அழைப்பா அது, மிரட்டல்!

"அப்பா வந்தாத்தான் பால் காய்ச்சுவேன். வரலன்னா சாமியாரைத் திருப்பி அனுப்பிட்டு வீட்டப் பூட்டிடுவேன். அப்புறம் நான் இந்தப் பக்கமும் வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அம்மா அழுதாள்.  மறுநாள் காலை அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "வரேன். ஆனா இவன் டப்பாவுல வரமாட்டேன். அந்த ஆளு வாசல்ல மீன் நாத்தத்தோட போயி என்னால எறங்க முடியாது" என்றார்.

அவர் வருகிறேன் என்றதே போதும். யானைதான் வேண்டும் என்றிருந்தாலும் பிடித்து வந்திருப்பேன். எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் நீளமான கறுப்பு கார் ஒன்று இருந்தது. அவர் வீட்டுக்கு வயரிங் செய்து கொடுத்த பழக்கம் எனக்கு. அன்றைக்குப் பார்த்து அவருடைய டிரைவருக்கு அம்மை போட்டிருந்தது, நானே ஓட்டுவதாக ஏற்பாடு. சாவியைக் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். "தம்பி, ஒரு கீறல் விழுந்தாலும் நான் செத்துருவேன்" என்றார்.

சாவியைத் திருகினேன். சத்தமே இல்லை. என் வண்டியென்றால் கிளம்பும்போது தெருநாய்கள் எழுந்து இடம் மாறும். இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி திருகினேன். 'கிரீச்' என்று ஓர் அலறல். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது! ஸ்டியரிங் அதற்கு மேல். என் காரைத் திருப்ப இடுப்பிலிருந்து பலம் வர வேண்டும். அதே பலத்தை இங்கே போட்டதில், எதிரே இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளோடு எழுந்து ஓடினார்.

அம்மா முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கோட்டு, டை, நெஞ்சில் மெடல் சகிதம் பின்சீட்டில் ஏறினார். தோல் சீட்டைத் தடவிப் பார்த்தார், மூச்சை இழுத்து மோந்தார். "கார்னா இது கார்" என்றார். தெருமுனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பழக்க தோஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். முதல் மிதியிலேயே வண்டி நட்டுவைத்தாற்போல நின்றது. அப்பா முன்சீட்டின் முதுகில் போய் முத்தம் வைத்தார்.

"என்னாடா, கொல்லப் பாக்குறியா?"

"இதுல பிரேக்கு நல்லா பிடிக்குதுப்பா."

"நல்லா பிடிச்சா எதுக்குடா அந்த மிதி மிதிக்கிற?"

நியாயமான கேள்விதான். மற்றபடி அந்த வண்டியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பள்ளத்தில் இறங்குவது முதுகுக்குத் தெரியவில்லை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே எனக்குப் பாரீசு ஞாபகம் வந்து தும்மல் வந்தது. ஆனால் எனக்கு என்னவோ வண்டி ஓட்டுகிற மாதிரியே இல்லை. என் காரில் எந்தச் சத்தம் எந்த நட்டு என்று எனக்குத் தெரியும். இது ஊமையாய் ஓடியது. எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று முள்ளைப் பார்த்தால்தான் தெரிந்தது, பார்த்தால் பயமாக இருந்தது.

அப்பாவுக்கு வேறு கவலை. மாதா கோயில் தெருவில் எத்தனையோ தெரிந்த முகம், ஒருத்தரும் திரும்பவில்லை. கண்ணாடி அவ்வளவு கறுப்பு, உள்ளே இருப்பது யாரென்று எப்படித் தெரியும்? "கண்ணாடிய எறக்குடா" என்றார். கதவு பக்கம் இருந்த பொத்தான்களில் ஒன்றை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றை அமுக்கினேன், கண்ணாடி இறங்கியது. உடனே தெருவில் எல்லாரும் கையை ஆட்ட ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் ஆட்டினார், சைக்கிளில் போன மாணவிகள் ஆட்டினார்கள், போலீஸ்காரர்கூட ஆட்டினார். அப்பா முகம் மலர்ந்து எல்லாருக்கும் பதிலுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தார். ஊரைத் தாண்டின பிறகுதான் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தேன். நான் முதலில் அமுக்கிய பொத்தானில் டிக்கி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஓரங்கட்டி மூடிவிட்டு வந்து, தூசிக்குக் கண்ணாடியையும் ஏற்றினேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சத்தியமாக மனசு வரவில்லை.

குரும்பகரத்துச் சாலையில் திரும்பினால் ரோடே தெரியவில்லை. உளுந்து அறுப்புக் காலம். பிடுங்கிய செடிகளை எங்கள் பக்கத்தில் தார்ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிரும். கூலியில்லாத வேலை. என் டப்பா அதில் எத்தனையோ முறை ஓடியிருக்கிறது. அன்றைக்கு வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் உதிர்த்து அள்ள வேண்டுமென்று பெண்கள் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செடியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தவர் அத்தான். அக்கா வீடு சாலைக் கடைசியில் தெரிந்தது. வாசலில் தோரணம் ஆடியது.

"விசேஷ நாள்லயும் உளுந்துதானா அந்த ஆளுக்கு?" என்றார் அப்பா.

நான் மெல்ல ஏற்றினேன். பாதியில் ஒரு பெண் கையை நீட்டி மறித்தாள். "அண்ணே, வண்டி நல்ல கனமா இருக்கு. பின்னால எடுத்து இன்னும் ரெண்டு தடவ போயிட்டு வந்துருங்கண்ணே, புண்ணியமாப் போவும்."

"இதென்னா டிராக்டரா?" என்று அப்பா பின்னாலிருந்து கத்தினார். எனக்கு அந்தப் பெண்ணிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் வந்தேன், முன்னால் போனேன். மறுபடி பின்னால். அந்தக் காரின் வயிறு தரையோடு தரையாக இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. செடியெல்லாம் அடியில் சுருண்டு அடைத்துக்கொண்டது. வண்டி உறுமியது, நகரவில்லை. அப்புறம் ஒரு தீய்ந்த நாற்றம். அப்புறம் புகை.

"அப்பா, எறங்குங்க!" என்று கத்திக்கொண்டு நான் குதித்தேன்.

"அந்த ஆளு முன்னால ரோட்டுல எறங்கி நிக்கணுமா? மாட்டேன்" என்றார். புகை உள்ளே நுழைந்ததும் மனம் மாறிவிட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. குழந்தைகள் திறந்துவிடாமலிருக்கப் பின்கதவில் ஒரு பூட்டு உண்டு, முதலாளி அதைப் போட்டே வைத்திருந்திருக்கிறார். அப்பா கண்ணாடியில் அறைந்து பிரெஞ்சில் கத்தினார். பிறகு தமிழில் என் பிறப்பைப் பற்றிக் கத்தினார். நான் பதற்றத்தில் முன்கதவையே இழுத்துக்கொண்டு நின்றேன். அத்தான் ஓடிவந்து வெளியிலிருந்து பின்கதவைத் திறந்தார். நெல்மூட்டை தூக்கிப் பழகிய கை. அப்பாவை அக்குளில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி உளுந்தின்மேல் நிறுத்திவிட்டு, பக்கத்தில் கிடந்த அரிவாளோடு தரையில் படுத்துக் காருக்கடியில் தலையை நுழைத்தார். எரிகிற செடியை அறுத்து அறுத்து வெளியே தள்ளினார். அக்கா பட்டுப்புடவையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தண்ணீரை ஊற்றினாள். புஸ்ஸென்று அடங்கியது. அத்தான் வெளியே வந்தபோது புது வேட்டியில் வெள்ளை என்று ஒன்றுமில்லை. ஒரு புருவம் பொசுங்கிப்போயிருந்தது.

அப்பா டையைச் சரிசெய்தார். "வேற வண்டி பிடிடா. வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "உங்களத் தூக்கி வெளிய விட்டுட்டு அந்த மனுசன் நெருப்புக்குள்ள படுத்துக் கெடந்தாரு. வீட்டுக்குப் போலாங்கிறீங்களே, நல்லாருக்காப்பா?"

அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. உளுந்து அள்ளிய பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். அக்கா மட்டும் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் காலடியில் குந்தினாள்.

"ஷூவோட நிக்கிறீங்களே, உளுந்தெல்லாம் நசுங்குதுல்ல? கால எடுங்க" என்று நாடாவை அவிழ்த்தாள். அவர் ஒரு காலை எடுத்தார். பிறகு இன்னொன்றை. வெறுங்காலில் நெற்று குத்தியதோ என்னவோ, தடுமாறினார். பக்கத்தில் இருந்த தோளைப் பிடித்தார். அது அத்தானின் தோள், கரியாக இருந்தது. கோட்டுக் கையெல்லாம் அப்பிக்கொண்டது. வீட்டு வாசல் வரை பிடித்த பிடியை அவர் விடவில்லை.

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அடுத்த ஊரில் ஒரு சாவுக்கு அவர் அடக்கப்பூசை வைக்க வேண்டும். "எல்லாரும் வந்தாச்சுல்ல? ஆரம்பிக்கலாமா?" என்று தீர்த்தத்தைக் கையில் எடுத்தார். அத்தான் தன் கோலத்தைப் பார்த்துக் கூசி, பின்பக்கக் கதவோரம் ஒதுங்கினார்.

அப்பா கையை உயர்த்தினார். "கொஞ்சம் பொறுங்க சாமி. வீட்டுக்காரரு மூஞ்சி கழுவிட்டு வரட்டும். அவரு முன்னால நிக்கணும்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள். அம்மா அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி, கார் முதலாளியை நினைத்து.